பியூகெஸ்டஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலெக்சாண்டரின் தளபதிகளில் பியூகெஸ்டஸ் அளவுக்கு அடுத்தவர் கதைக்குள் அமுங்கிப்போனவர் குறைவு. மல்லி என்ற பழங்குடியினரின் கோட்டையிலேயே அது தொடங்கிவிடுகிறது. கி.மு. 326-325 குளிர்காலம், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாப். மதிலேறி உள்ளே குதித்த அலெக்சாண்டர் மார்பில் அம்பு பாய்ந்து விழுந்தார். அவரைக் காப்பாற்றியது பின்னாளில் எகிப்தின் அரசரான தளபதி தாலமிதான், ‘சோட்டர்’ (காப்பாற்றியவர்) பட்டமே அதற்காக வந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அன்று தாம் வேறு இடத்தில் போரிட்டுக்கொண்டிருந்ததாகத் தாலமியே எழுதி வைத்ததை, அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அர்ரியன் குறிப்பிடுகிறார். வலிய வந்த பெருமையை ஒருவரே மறுக்கிறார் என்றால் நம்பலாம். டிராய் நகர அதீனா கோயிலிலிருந்து எடுத்த கேடயத்தால் அரசரை மறைத்து நின்றவர் பியூகெஸ்டஸ். லியோனாட்டஸும் கூட இருந்தார்.

அடுத்து, பாரசீக ஆளுநர் பதவியை வெறும் வீரப் பரிசாக எழுதுவது. விசுவாசத்தோடு, அந்த நாட்டுப் பழக்கவழக்கங்களுக்கு அவர் ஒத்துப்போனதையும் அர்ரியன் காரணமாகச் சொல்கிறார். பியூகெஸ்டஸ் மீடிய உடை உடுத்தினார், பாரசீக மொழி கற்றார். மாசிடோனியர்களில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தானாம். அதில் மக்களுக்கு மகிழ்ச்சி. கி.மு. 323இல் அவர் பாபிலோனுக்கு அழைத்து வந்த பாரசீக வீரர்கள் சுமார் 20,000 பேர். உடை மாற்றியதால் மட்டும் இத்தனை பேர் வந்துவிடுவார்களா என்ன? நிர்வாகமும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய தவறு, அலெக்சாண்டர் இறந்த பின் அவருடைய தளபதிகளான யூமெனிஸும் ஆன்டிகோனஸும் மோதிய கபியேன் போரை வைத்து பியூகெஸ்டஸைக் கோழை என்று முடிப்பது. யூமெனிஸ் பக்கம் நின்றவர், புழுதிக்கு நடுவே சுமார் 1,500 குதிரை வீரர்களோடு விலகிப்போனது கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் சொல்லும் செய்தி. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டியோடோரஸுக்கு இங்கே மூலம் கார்டியா ஊர் வரலாற்றாசிரியர் ஹிரோனிமஸ் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அவர் யூமெனிஸின் ஊர்க்காரர், அவரோடு இருந்தவர். தோற்ற தலைவனின் நண்பர் பழியை யார் தலையில் போடுவார்?

அப்புறம் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வென்ற ஆன்டிகோனஸ் பியூகெஸ்டஸைப் பதவியிலிருந்து நீக்கியபோது பாரசீகர்கள் கொதித்தார்கள். வேறு யாருக்கும் பாரசீகர்கள் பணிய மாட்டார்கள் என்று தெஸ்பியஸ் என்ற பிரமுகர் வெளிப்படையாகவே சொன்னார். ஆன்டிகோனஸ் அவரைக் கொன்றுவிட்டார்.