ஸ்டெம் செல்லில் குர்குமினை ஏற்றுவது எப்படி

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இது: தொப்புள்கொடியிலிருந்து வளர்த்த மீசன்கைமல் ஸ்டெம் செல்லுக்குள் (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடிய செல்) மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை ஏற்றி, எவ்வளவு உள்ளே போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஏற்றுவது சுலபம். கணக்குதான் கஷ்டம். தண்ணீரில் கரையாத பொருள் பிளாஸ்டிக்கில் ஒட்டும், செல்கள் வளரும் சத்துத் திரவமான மீடியத்தில் துகளாகப் பிரியும், செல்லின் மேலே படியும். இதையெல்லாம் சேர்த்து ‘உள்ளே போனது’ என்று நோட்டில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

செல்லை எதற்கு மருந்து சுமக்கும் வண்டியாக்க வேண்டும்? பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த மருந்து, தண்ணீரில் கரையாது. ஊசியாகப் போட, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்தார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்தது. 2011இல் மிலான் பல்கலைக்கழகத்தின் அகஸ்டோ பெசினா குழு, மீசன்கைமல் செல்களை இந்த மருந்தில் ஊறவைத்தாலே அவை உறிஞ்சிக்கொண்டு, பிறகு வெளியே விட்டு, புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்று காட்டியது. மரபணுவில் கைவைக்கவே தேவைப்படவில்லை. பழகுவதற்கு நான் குர்குமினைக் கொடுப்பதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் நிறம், நீல ஒளியில் பச்சையாக மின்னும்.

தொடங்கும் முன் இரண்டு காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, தொப்புள்கொடி கொடுத்த தாயின் ஒப்புதல். இன்னொன்று, நிறுவனத்தின் ஸ்டெம் செல் குழு அனுமதி. இந்தியாவில் 2017 தேசிய வழிகாட்டுதல்கள் இதைக் கேட்கின்றன. செல்கள் தம் மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற அடையாளப் புரதங்களைக் காட்டுகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

கரைசல் செய்வோம். 3.68 மில்லிகிராம் குர்குமினை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் செறிவு 10 மில்லிமோலார். சின்னக் குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20இல் வையுங்கள். வெளிச்சம் இதற்கு ஆகாது. கடையில் ‘குர்குமின்’ என்று வாங்குவதில் அதன் உறவுச் சேர்மங்கள் இரண்டும் கலந்திருப்பது வழக்கம், முக்கால் பங்குதான் குர்குமின். ஆகவே தூய்மை விவரத்தைப் படித்துவிட்டு எடை போடுங்கள்.

இந்தக் கரைசலை நேராகச் செல்கள் வளரும் ஃபிளாஸ்க்கில் சொட்டக் கூடாது. சொட்டு விழும் இடத்திலேயே படிகமாகிவிடும். 37 டிகிரியில் சூடான, 10% சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) உள்ள மீடியத்தைத் தனிக் குழாயில் எடுத்து, சுழற்றிக்கொண்டே ஆயிரத்துக்கு ஒரு பங்கு விடுங்கள். 10 மைக்ரோமோலார் கிடைக்கும், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தில் நிற்கும். சீரத்தைக் குறைத்தால் செல்லுக்குள் அதிகம் போகும், உண்மைதான். ஆனால் சீரம் இல்லாத பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்), பிஹெச் 7.2இல், 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் குர்குமின் சுமார் 90% சிதைந்துவிடும். 10% சீரம் இருந்தால் பாதி சிதையவே 8 மணி நேரம் பிடிக்கும். அதனால் நான் சீரத்தைக் குறைப்பதில்லை.

ஃபிளாஸ்க்கின் தரை 70, 80 சதவீதம் நிரம்பியதும் இந்த மீடியத்தை மாற்றி, இருட்டில் 4 மணி நேரம் வையுங்கள். பக்கத்திலேயே வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட ஃபிளாஸ்க் ஒன்று. செல்லே இல்லாமல் மருந்து மட்டும் விட்ட ஃபிளாஸ்க் இன்னொன்று. இந்தக் காலி ஃபிளாஸ்க்கைத் தவிர்க்க ஆசைப்படுவீர்கள், தவிர்க்காதீர்கள். முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

நேரம் முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கதிர்போல் நீண்ட செல்களுக்கு நடுவே மஞ்சள் ஊசிகள் தெரிந்தால், அந்த ஃபிளாஸ்க்கை ஒதுக்கிவிட்டுச் செறிவைக் குறைத்து மறுபடி போடுங்கள். ஊசி இல்லையென்றால் கழுவலாம். முதல் இரண்டு கழுவல் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த மீடியத்தில். வெளியே ஒட்டியதை ஆல்புமின் இழுத்துக்கொள்ளும். பிறகு பஃபரில் ஒருமுறை. அதன்பின் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரிக்கும் நொதியான ட்ரிப்சின் போட்டு எடுத்து, 300 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு விசை) 5 நிமிடம் சுழற்றுங்கள். டிஎம்எஸ்ஓ குழாயின் அடியில் செல்கள் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், மருந்துக் குழாயில் எலுமிச்சை மஞ்சளாக. பார்க்க எனக்கு இன்றும் பிடித்த காட்சி. இருந்தாலும் நிறத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். துகள்களும் இதே வேகத்தில் அடியில் இறங்கும்.

இறந்த செல்லில் மட்டும் ஏறும் சாயமான ட்ரிபான் நீலம் போட்டு உயிருள்ள செல்களை எண்ணுங்கள். நிறமாற்றத்தை வைத்துச் செல்லின் உயிர்ப்பை அளக்கும் எம்டிடி சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். குர்குமின் அதன் நிறத்திலேயே குறுக்கிடும், பல சோதனைகளில் பொய்யாக வேலை செய்வதுபோல் காட்டும். செல் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, நகரவும் வேண்டும். செல் விரிப்பில் ஒரு கோடு கீறிப் பார்க்கும் கீறல் சோதனையில் இடைவெளியை மூடாத செல் மருந்தைச் சுமந்து எங்கேயும் போகாது.

எண்ணிய செல்களை மெத்தனாலில் குலுக்கி, வேகமாகச் சுழற்றி, மேல்நீர் 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள். தெரிந்த அளவு குர்குமினை வைத்துப் போடும் ஒப்பீட்டுக் கோட்டை மருந்து ஏற்றாத செல்களின் மெத்தனால் சாற்றில் போடுங்கள். காலி ஃபிளாஸ்க்கையும் அதேபோல் கழுவி, ட்ரிப்சின் போட்டு, அளந்து, அந்த அளவைக் கழியுங்கள். மிச்சத்தைச் செல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு செல்லுக்கு எத்தனை பிகோகிராம் என்று வரும். காலி ஃபிளாஸ்க் எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். படிப்பவர் தானே எடை போட்டுக்கொள்வார்.

செல் வெளிவிடும் அளவைப் பார்க்க, இதேபோல் மருந்து ஏற்றிக் கழுவிய வேறு செல்களைப் புதிய ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். பழையதிலேயே விட்டால் பிளாஸ்டிக் விடுவதைத்தான் அளப்பீர்கள். மீடியம் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இல்லாததாக இருக்கட்டும், அதன் நிறமும் இதே இடத்தில் குறுக்கே வரும். 1, 4, 24 மணி நேரத்தில் எடுத்து அளந்துவிட்டு, ஒரு பங்கைப் புற்றுச் செல்களின் மேல் விடுங்கள். மருந்து ஏற்றாத செல்களின் மீடியத்தையும் அருகில் விட வேண்டும், ஸ்டெம் செல் தானாகவே பல பொருள்களைச் சுரக்கிறது.

இந்தக் கணக்கு இரண்டு மூன்று தடவை ஒத்து வந்த பிறகுதான் பாக்லிடாக்செல். அதற்கு நிறம் கிடையாது, கலவையிலிருந்து பொருளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி இல்லாமல் அளப்பது கடினம். மிலான் குழு வைத்ததுபோல் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம், 24 மணி நேரம் என்று தொடங்கலாம். இரட்டைக் கையுறை போடுங்கள். கழுவிய நீரைச் சிங்கில் ஊற்றாமல், செல்கொல்லி மருந்துக் கழிவுக்கென்று வைத்திருக்கும் கேனில் ஊற்றுங்கள்.