லவ் மீ டூவில் ட்ரம்ஸ் அடித்தது யார்? பீட்டில்ஸ் தகராறைத் தீர்க்கும் வழி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பாட்டுப் பைத்தியங்கள் கூடி, பிரித்தானியப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், ட்ரம்மர் பீட் பெஸ்டைக் கழற்றிவிட்டு ரிங்கோ ஸ்டாரை ஏன் எடுத்தார்கள் என்ற இடத்துக்கு வரும்போது பிளேன்டீ ஆறிவிடும். இந்தச் சண்டையில் பாதியைக் காதாலும் கலண்டராலும் தீர்க்கலாம். மீதி தீராது. எது எந்தப் பாதி என்று பிரிப்பதுதான் வேலை.

முதலில் காது. அவர்களின் முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’ பாட்டு லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் மூன்று தடவை, மூன்று ட்ரம்மர்களோடு பதிவானது. 1962 ஜூன் 6இல் பீட் பெஸ்ட், செப்டெம்பர் 4இல் ரிங்கோ ஸ்டார், செப்டெம்பர் 11இல் கூலிக்கு வாசிக்க வந்த அன்டி வைட். மூன்றும் இன்று கிடைக்கின்றன: பெஸ்ட் வாசித்தது 1995இல் வந்த அந்தொலொஜி 1இல், ரிங்கோ வாசித்தது பாஸ்ட் மாஸ்டர்ஸ் முதல் தொகுதியில், வைட் வாசித்தது ப்ளீஸ் ப்ளீஸ் மீ அல்பத்தில். ஒரே இருப்பில் மூன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது டம்பரின். செப்டெம்பர் 11இல் ட்ரம்ஸில் வைட் உட்கார்ந்ததால் ரிங்கோவின் கையில் டம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே டம்பரின் கேட்டால் ட்ரம்ஸ் வைட்டுடையது. கேட்காவிட்டால் ரிங்கோ அல்லது பெஸ்ட். அந்த இருவரையும் பிரிப்பது இன்னும் சுலபம்: பெஸ்டின் பதிவு நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் ஹார்மோனிக்கா வரும் இடத்தில் தாளம் திடீரென்று குதிரைப் பாய்ச்சலுக்கு மாறி, பிறகு பழைய நடைக்குத் திரும்பும். ஒரு தடவை கேட்டவருக்கு அது மறக்காது.

பிழைப்பது பெரும்பாலும் கருவியில்தான். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் டம்பரினும் ஸ்னேர் ட்ரம்மின் அடிக்கம்பி அதிர்வும் ஒரே ‘ச்சக்’ ஆகக் கலந்துவிடும். ஹெட்செட் போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், காலி வீதிப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். பெந்தெகொஸ்தே ஆராதனையில் கையில் தட்டுகிற டம்பரினின் சில்லுச் சத்தம் தெரியுமல்லவா, அதே சில்லைத்தான் தேடுகிறீர்கள். இணையத்தில் ஏற்றியவர் போட்ட தலைப்பை நம்ப வேண்டாம். மூன்று பதிவுகளும் பெயர் மாறி உலாவுகின்றன.

பழைய ரெக்கோர்ட் கையில் கிடைத்தால்? 1962 ஒக்டோபர் 5இல் பிரித்தானியாவில் வந்த முதல் சிங்கிள், பார்லபோன் கம்பனியின் சிவப்பு லேபிள், ரிங்கோ வாசித்தது. பிறகு அச்சானவற்றுக்கு வைட்டின் பதிவு போய்விட்டது. அதனால் லேபிளைப் பார்த்து விலை பேசாமல், கடைக்காரரிடம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘ரேடியோ சிலோனில் கேட்ட ஞாபகம்’ என்று பெரியப்பா சொன்னால் பாட்டைக் கேட்டதற்கு அது சாட்சி. எந்த ட்ரம்மர் என்பதற்கு அல்ல.

அடுத்தது கலண்டர். ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை வரிசையாக எழுதுங்கள்: 1960 ஓகஸ்டில், ஜெர்மனியின் ஹாம்பர்குக்குப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, பெஸ்ட் சேர்கிறார். 1960 ஒக்டோபரில் ஹாம்பர்கில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ நால்வரும் வேறொரு பாடகருக்கு வாசிக்கிறார்கள். ‘ரிங்கோ 1962இல் முளைத்தவர்’ என்ற கதை இதோடு முடிகிறது. 1962 ஜூன் 6 பதிவு. ஓகஸ்ட் 16, முகாமையாளர் பிரையன் எப்ஸ்டீன் தன் அலுவலகத்தில் பெஸ்டை நீக்குகிறார். ஓகஸ்ட் 18, ரிங்கோவின் முதல் மேடை.

இனித்தான் சிக்கல். ஏன் நீக்கினார்கள்? வாசிப்புப் போதாது, அழகில் பொறாமை, தலைமுடியை மாற்றவில்லை, ஆள் ஒட்டவில்லை என்று காரணங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விடயம் எழுதுங்கள்: சொன்னவர் யார், எப்போது சொன்னார், அந்த அறையில் இருந்தாரா. ஓகஸ்ட் 16 அன்று அந்த அறையில் மற்ற மூன்று பீட்டில்ஸும் இல்லை. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் சொன்னது ரெக்கோர்டிங்குக்கு வேறு ட்ரம்மரை எடுப்பேன் என்பது மட்டும். ஆளை நீக்கு என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் இந்தத் தகராறின் பெரிய பிழை. மிச்சம் உறுதியில்லை, பென்சிலால் எழுதுங்கள்.

டெக்கா ரெக்கோர்ட் கம்பனி ‘கிட்டார் குழுக்களின் காலம் முடிந்தது’ என்று சொல்லித் திருப்பியனுப்பிய கதையும் பென்சில்தான். 1962 ஜனவரி 1 தேர்வு நடந்தது உறுதி, நிராகரித்ததும் உறுதி. அந்த வசனம் எப்ஸ்டீனின் 1964 நூலில் வருகிறது. சொன்னதாகக் கூறப்பட்ட டெக்காவின் டிக் ரோ மறுத்துவிட்டார். தன் ரெக்கோர்ட் கடைக்கு வந்த ஒரு பையன் பீட்டில்ஸின் ரெக்கோர்ட்டைக் கேட்டதால்தான் எப்ஸ்டீன் குழுவை அறிந்தார் என்பதும் அப்படியே. அந்தப் பையன் வந்திருக்கலாம். ஆனால் 1961 ஓகஸ்டிலிருந்தே எப்ஸ்டீன் லிவர்பூலின் மேர்ஸி பீட் இசைப் பத்திரிகையில் எழுதிவந்தார், அதே பத்திரிகை ஜூலையில் பீட்டில்ஸை முதல் பக்கத்தில் போட்டிருந்தது.

தேதியே போதும் என்பதற்கு ஓர் உதாரணம்: ‘ரிங்கோ பீட்டில்ஸிலேயே சிறந்த ட்ரம்மர் இல்லை’ என்று ஜோன் லெனன் சொன்னாராம். அந்தப் பகிடி 1981இல் பி.பி.சி. வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்தது. லெனன் 1980 டிசம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். இதைப் பேனையால் வெட்டலாம்.

குவிஸ் நடத்துகிறவர்கள் ‘லவ் மீ டூவில் ட்ரம்மர் யார்’ என்று மொட்டையாகக் கேட்டு மேசைச் சண்டையை விலைக்கு வாங்க வேண்டாம். ‘1962 ஒக்டோபர் சிங்கிளில்’ அல்லது ‘முதல் அல்பத்தில்’ என்று கேள்வியிலேயே போட்டு, விடைத்தாளில் டம்பரின் குறிப்பையும் எழுதிவையுங்கள்.