ஊர்ச் சேதி பேசும் சமுதாய வானொலி: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

ஒரு வட்டாரத்துக்காக அங்குள்ளவர்களே பங்கெடுத்து நடத்தும் சிறு நிலையமான சமுதாய வானொலிக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். காலை நிகழ்ச்சியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு தலைப்புகளை வாசித்து, நடுநடுவே கருத்தும் சொல்வார்கள். இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியையோ அரசியல் சார்ந்த நடப்பு நிகழ்ச்சிகளையோ ஒலிபரப்பக் கூடாது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்த அரசு, இந்த ஒரு பூட்டை மட்டும் கழற்றவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்ட பிறகும் இது நீடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அனுமதி ரத்தானால் நிலையமே போய்விடும். அந்தச் சண்டையை மைக்குக்கு வெளியேதான் போட வேண்டும்.

இந்த விதிக்குப் பயந்து நாள் முழுக்கப் பாட்டு போடுவது அதைவிடப் பெரிய தவறு. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் விழா, நிர்வாகம் தரும் குடிநீர், மின்தடை, பேரிடர், சுகாதார அறிவிப்புகள் எதுவும் இந்த விதியில் செய்திக் கணக்கில் சேராது. யோசித்துப் பார்த்தால் ஊர்ச் சேதியில் முக்கால்வாசி இதுதானே! நாமோ ‘நாளை மின்தடை’ என்று ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம். கரண்ட் இல்லாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் எப்போது தண்ணீர் ஏற்றுவார்கள் என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டுச் சொன்னால், மூன்று தெருக்காரர்கள் முந்தின ராத்திரியே குடத்தை நிரப்பிவைப்பார்கள்.

நாடு தழுவிய விஷயங்களைப் பேசும்போது நேர்வது வேறு மாதிரித் தவறு. சென்னையிலோ டெல்லியிலோ வெளியான அறிவிப்பை அப்படியே ஒப்பித்துவிடுகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு; சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் வேறு கணக்கு. அதுவும் தடை விசைப்படகுகளுக்குத்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒருமுறை நானே, “தடை தொடங்கிவிட்டது, யாரும் கடலுக்குப் போக வேண்டாம்” என்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டேன். மறுநாள் காலையில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர் நிலையத்துக்கே வந்துவிட்டார். “என்ன மக்கா, என் வள்ளத்தையும் கரையில கட்டிப்போடணுமா?”

அன்று அவரையே உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். படகு வைத்திருப்பவரின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த 61 நாளில் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண் எதை விற்கிறாள், ஐஸ் கம்பெனியில் கூலிக்கு நிற்பவன் எங்கே போகிறான், நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பவற்றை எந்தத் தொலைக்காட்சியும் கேட்பதில்லை. பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி தொடங்கப்பட்டது இந்த மாதிரிப் பேச்சுக்கு இடம் வேண்டும் என்பதால்தான்.

டிவி விவாதத்தைப் போல நான்கு பேரை மோதவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரியாத வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலே இரைச்சல்தான் மிஞ்சும். நேயர் அழைப்புகளையும் நேரலையில் விடாமல், பதிவு செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள். தேர்தல் நேரத்தில் கட்டாயம்.

நான் அதிகம் வருந்தும் தவறு வேறொன்று. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று ஒரு பெண் பேச வந்தார். பெயரை மறைத்தோம், ஊரைச் சொல்லவில்லை. ஆனால் நம்முடையது ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர். அது எட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் எல்லோருக்கும் எல்லோர் குரலும் தெரியும். பொழுது சாய்வதற்குள் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த மாதம் அந்த அம்மா வரிசையில் நிற்கவே தயங்கினார். குரலைக் கருவியால் மாற்றினாலும் பேச்சின் இழுவை காட்டிக்கொடுத்துவிடும். அன்றிலிருந்து இப்படிப்பட்ட புகார் என்றால் ஐந்தாறு பேர் சொன்னதைத் திரட்டி நாங்களே எங்கள் குரலில் சொல்கிறோம். ஒலிபரப்புக்கு முன்பே எதிர்த்தரப்பிடம் கேட்டு, பதிலையும் அதே நிகழ்ச்சியில் வைக்கிறோம். பதிவை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிரச்சினை வரும்போது நம்மைக் காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான்.

அப்புறம், “விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்” என்று அதிகாரி சொன்னதும் நன்றி சொல்லி முடித்துவிடுகிறோமே, அதுவும் ஒரு சறுக்கல்தான். “எந்தத் தேதிக்குள் சார்?” என்று மைக்கிலேயே கேளுங்கள். எங்கள் அறையில் இதற்கென்றே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அதிகாரி சொன்ன தேதியைப் பென்சிலால் எழுதி, அன்று காலை அவருக்கு போன் போடுவோம். வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த கிராம சபைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அதே காலண்டரில் எண்ணி, நேயர்களுக்குச் சொல்லிவிடுவோம்.