காட்டுக் காளானின் பேரினத்தை மாற்றுவது எப்படி: வித்துப்பதிவு முதல் டிஎன்ஏ வரை

மலேசியாவில் ‘செரி பாகி’ என்று வளர்த்து விற்கும் பெரிய காளானை 1847-இல் ஆங்கிலேயப் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி, இலங்கை மாதிரியை வைத்து ‘லென்டினஸ்’ பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேர்த்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் நம் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) உதவி இயக்குநராக இருந்த கார்னர் அதை 1981-இல் ‘பேனஸ்’ ஆக்கினார். சுமார் முப்பது ஆண்டு கழித்து டிஎன்ஏ சான்றோடு அது ‘புளூரோட்டஸ்’ ஆனது. அதாவது, நாம் சமைக்கும் சிப்பிக்காளானுக்குச் சொந்தம். சிப்பிக்காளானுக்குத் தண்டு ஓரத்தில் இருக்கும். இதற்கோ நடுவில் நீண்ட தண்டு. கண்ணை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

படி 1: அனுமதி, பறிப்பு

பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் காளானைத் தொடாதீர்கள். அனுமதி கிடைத்ததும் முதலில் படம் எடுங்கள்: தொப்பியின் மேல்புறம், செவுள் (தொப்பிக்கு அடியிலுள்ள மெல்லிய மடிப்புகள்), அடித்தண்டு, பக்கத்தில் அளவுகோல். தண்டை ஒடிக்காமல் சுற்றித் தோண்டி எடுங்கள். செரி பாகியின் தண்டு வேர்போல நீண்டு புதைந்த மரத்தைத் தொடும். மேலே அறுத்தால் அந்த அடையாளம் மண்ணிலேயே போய்விடும். காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும்.

படி 2: அன்றே செய்ய வேண்டியவை

தொப்பியைப் பிளந்து, உள்சதையில் பச்சரிசி அளவு துண்டைச் சுட்டு ஆறவைத்த கத்தியால் எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள குப்பியில் போடுங்கள். மேல்தோலில் எடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் வேறு பூஞ்சணத்தின் டிஎன்ஏ கலந்துவிடலாம்.

இன்னொரு தொப்பியைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூள் தாளில் படியும்; இதுதான் வித்துப்பதிவு. புளூரோட்டஸ் பெரும்பாலும் வெள்ளையாகப் படியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் புல்தரைகளில் மழைக்குப் பின் வரும் பெரிய வெள்ளைக் காளான் மங்கிய பச்சையாகப் படிந்தால், அது வயிற்றைக் கலக்கும் ‘குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்’. ஆய்வில் இருக்கும் எதையும் வாயில் வைக்கவே கூடாது.

மீதியை 40 முதல் 45 டிகிரியில், ஒடித்தால் ‘டிக்’ என்று முறியும்வரை உலர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெயில் மட்டும் போதாது. வளைகிற துண்டு ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

படி 3: நுண்ணோக்கி

மெல்லிய செவுள் சீவலை 5 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, எண்ணெய் லென்சில் 1000 மடங்கில் பாருங்கள். குறைந்தது 20 வித்துகளின் நீள அகலத்தை அளந்து விகிதத்தையும் குறியுங்கள். ஐந்து அளந்து சராசரி எழுதினால் முதிராத வித்து கணக்கைக் கெடுக்கும். மெல்சர் கரைசலில் (அயோடின் கலந்த சாயம்) வித்து நீலமாகிறதா, சதையிலுள்ள பூஞ்சை இழைகளின் சுவர் தடிப்பா மெலிவா என்பதையும் பாருங்கள்.

படி 4: டிஎன்ஏ

20 மில்லிகிராம் உலர்ந்த சதை போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, பூஞ்சை இனங்களை அடையாளம் காண உதவும் ‘ஐடிஎஸ்’ பகுதியைப் பிசிஆர் முறையில் பல்மடங்கு பெருக்குங்கள். அந்தப் பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 பிரைமர்களுடன் (குறு டிஎன்ஏ துண்டுகளுடன்) பிசிஆர்: 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு 94 டிகிரியில் 30 நொடி, 55-இல் 30 நொடி, 72-இல் 1 நிமிடம் என 35 சுற்று, முடிவில் 72-இல் 10 நிமிடம். டிஎன்ஏ போடாத குழாய் ஒன்று கட்டாயம். முடிவை ஜெல்லில் ஓட்டும்போது பெருகிய டிஎன்ஏ பட்டையாகத் தெரியும். டிஎன்ஏ போடாத குழாயிலும் பட்டை தெரிந்தால் மாசு கலந்துவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். எதிலுமே பட்டை இல்லையென்றால் காளானின் சர்க்கரைப் பொருள்கள் தடுக்கக்கூடும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பல நேரம் அதுவே சரியாகிவிடும்.

படி 5: ஒப்பீடு, மரம்

பெருக்கிய டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்த பிறகு அதைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவகத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே தவறான பெயரிட்ட வரிசைகள் நிறைய. பெயர் மாதிரியிலிருந்து (அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று நிர்ணயிக்கும் மாதிரியிலிருந்து) எடுத்த வரிசையோடு ஒப்பிடுங்கள். ஒரே இனம் என்று சொல்ல 97 விழுக்காடு ஒற்றுமை வெறும் வழிகாட்டி, சட்டம் இல்லை.

பேரினம் மாற்ற ஐடிஎஸ் மட்டும் போதாது, எல்எஸ்யூ, ஆர்பிபி2 என்ற வேறு டிஎன்ஏ பகுதிகளும் வேண்டும். எம்ஏஎஃப்எஃப்டி என்ற மென்பொருளில் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருளில் உறவு மரம் வரையுங்கள். கிளையின் ஆதரவு (எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) வலுவாக இருந்து, நுண்ணோக்கிக் குறிப்பும் ஒத்துப்போனால் மட்டுமே முன்னேறுங்கள். இரண்டும் முரண்பட்டால் மாதிரி மாறிப்போயிற்றா என்று முதலில் பாருங்கள்.

படி 6: பெயர்

மூலப்பெயரின் ஆசிரியர், நூல், பக்கம், ஆண்டு எல்லாவற்றையும் முழுதாகக் குறிப்பிடுங்கள். 2013 ஜனவரி 1 முதல் புதிதாக வெளியிடும் பூஞ்சைப் பெயர், மைக்கோபேங்க் போன்ற பெயர்ப் பதிவகத்தின் எண் இல்லாமல் செல்லாது. இனப்பெயர் அப்படியே நிற்கும், பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மட்டும் மாறலாம். உலர் மாதிரியைக் காப்பகத்தில் கொடுக்கும்போது அதன் உறையிலேயே ஜென்பேங்க் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள்; மை கசியும்.