வீட்டை மட்டும் எண்ணாதீர்கள்: குடிசைப் பகுதி மறுகட்டுமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு அனுப்பினார்கள். ஓலைக்கூரை போய் கான்கிரீட் வந்தது உண்மைதான். ஆனால் கொடுத்த வீடுகளை எண்ணியவர்கள், போன வேலைகளை எண்ணவில்லை. பெரிய தவறு இதுதான்.

வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பழைய இடத்தில் நாலு வீட்டுக்கு நடந்தே போவார், நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி கிளம்புவார். இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் இது நடக்காது. 2021 முதல் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பெரிய உதவி. ஆனாலும் பஸ்ஸில் கழியும் நேரத்துக்குச் சம்பளம் யாரும் தருவதில்லை. யார், எங்கே, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்காமல் இடத்தை முடிவு செய்யக் கூடாது.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் அதே இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. மாற்ற வேண்டியது குடிசையைத்தான், ஆட்களை அல்ல என்ற தெளிவு அன்று இருந்தது.

கணக்கெடுப்பிலும் கவனம் வேண்டும். ஒரு கதவுக்கு ஒரு குடும்பம் என்று எழுதினால், கல்யாணமாகி அதே கூரையின் கீழ் இருக்கும் மகனும், வாடகைக்கு இருப்பவரும் விடுபட்டுப் போவார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லவே கூடாது, பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றுவிடும்.

அடுத்து, ‘பாதுகாப்பு’ என்ற காரணம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லிப் பலரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். பக்கத்துச் செம்மஞ்சேரியும் அதே வெள்ளத்தில் மூழ்கியதுதான். ஆற்றங்கரைக்குச் சொன்ன அதே நியாயத்தைப் புது இடத்துக்கும் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

சரி, அதே இடத்தில் இடித்துக் கட்டினால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அதற்கென்று தரும் 24,000 ரூபாய் கருணைத்தொகையில் பெரும்பகுதி அட்வான்ஸுக்கே போய்விடும். கட்டுமான வேலை இழுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அரசே அவர்களுக்கு வாடகை தர வேண்டும். இன்னாருக்கு இந்தத் திட்டத்தில் வீடு உண்டு என்று கையெழுத்திட்ட தாளையும், இடிக்கும் வண்டி வருவதற்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.