பழைய என்பீல்ட் துவக்கும் அதன் பயனெட்டும்: கையில் கிடைத்தால் என்ன செய்வது?

மட்டக்களப்புப் பக்கம் முன்னால் மருந்து இடிக்கிற நீளத் துவக்கு எதைக் கண்டாலும் இடியன் என்றுதான் சொல்லுவோம். அது உள்ளூரில் அடித்ததா, வெள்ளைக்காரனின் பட்டாளத்துத் துவக்கா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் கரிமருந்து நூறு வருஷம் கழித்தும் பற்றும்.

நேரான மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக விட்டு, குழல் வாய்க்கு நேரே குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள், முகத்தை மட்டும் வாய்க்கு எதிரே கொண்டுபோக வேண்டாம். பிறகு குச்சியை வெளியே எடுத்து, கோடு வாய்க்கு நேரே வரும்படி குழலின் மேல் வைத்தால், அதன் நுனி, கேப் (தீப்பொறி தரும் சிறு மூடி) மாட்டும் நிப்பிளுக்குக் கிட்ட வரவேண்டும். அதற்கு எட்டாமல் குறைந்தால் தோண்டாதீர்கள், கேப்பில் வந்து அடிக்கும் குதிரையைத் தொடாதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். பழசு என்பதற்காக அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றும் நினைக்க வேண்டாம்.

வெறும் குழல் என்று தெரிந்தால், குதிரைக்குக் கீழே உள்ள தட்டைப் பாருங்கள். கிரீடமும் வருஷமும், டவர் அல்லது என்பீல்ட் என்ற பெயரும் இருந்து, குழலைக் கட்டையோடு சேர்க்க மூன்று பட்டைகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் பட்டாளத்தின் 1853 என்பீல்ட் மாதிரியாக இருக்கலாம். அந்தக் குழல் 39 அங்குலம், உள்ளே மூன்று வரிப் பள்ளம். பள்ளமே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் போலி என்று எறிந்துவிடாதீர்கள்: 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று பள்ளம் இல்லாமலும் செய்தார்கள்.

பயனெட் என்பது துவக்கின் முனையில் மாட்டும் குத்துக்கத்தி. 1853 பயனெட்டுக்குக் கைப்பிடி கிடையாது. குழல் வாயில் மாட்டும் உருளையும், பூட்டுகிற வளையமும், 17 அங்குல முப்பட்டை அலகும்தான். உருளையின் உள்விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். கையால் தள்ளிப் போகாவிட்டால் அது வேறு துவக்கினுடையதாக இருக்கலாம், சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். கைப்பிடியோடு வாள் மாதிரி வளைந்திருந்தால், இரண்டு பட்டையுள்ள குட்டை ரைபிளுக்கானது.

துரு கண்டதும் உப்புத்தாள் போடுவதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும். முத்திரை ஒருமுறை அழிந்தால் அழிந்ததுதான். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு நாள் ஊறவிட்டுத் துடையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். வாவிக்கரை வீடு என்றால் வாடைக் காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும், பயனெட்டைத் தோல் உறையில் விடாமல் வெளியே எடுத்து வையுங்கள்.