பூட்லோடர் அமைப்புகள்: எதைச் சேமிக்கக் கூடாது, எப்போது சேமிக்க வேண்டும்

அமைப்பின் மதிப்பை மாற்றியதுமே, இயங்குதளத்தை ஏற்றித் துவக்கும் நிரலான பூட்லோடர் அதைத் தானாகச் சேமித்துக்கொண்டால் என்ன என்று, சிறு கருவிகளில் பரவலாக உள்ள யு-பூட் என்ற பூட்லோடரைப் புதிதாகக் கையாளுபவர்கள் பலரும் கேட்கிறார்கள். ‘செட்என்வி’ கட்டளையால் மாற்றியது ரீசெட் செய்ததும் காணாமல் போனால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த மறதிதான் பாதுகாப்பு. துவங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை -2 என்று வைத்துச் சேமித்துவிட்டால், யு-பூட் எந்த விசையையும் பொருட்படுத்தாமல் நேராகத் துவங்கிவிடும். கட்டளை தரும் திரையான கன்சோலில் இடைமறிக்க வழியில்லை. சேமிக்காத வரை, மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலே பழைய நிலை திரும்பிவிடும்.

சோதிக்காமல் சேமிப்பது ஒரு தவறு என்றால், எதைச் சேமிக்கிறோம் என்று பாராமல் சேமிப்பது அதைவிடப் பெரிய தவறு. சேமிக்கும் கட்டளையான ‘சேவ்என்வி’ நீங்கள் கடைசியாக மாற்றிய ஒன்றை மட்டும் எழுதுவதில்லை; அந்த நேரத்தில் நினைவகத்தில் இருக்கும் அத்தனை மாறிகளையும் (அமைப்பு மதிப்புகளையும்) எழுதுகிறது. நீங்கள் தொடாதவையும் அதில் இருக்கும். வலையமைப்பில் முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி மூலம் கிடைத்த ஐபி முகவரி, கடைசியாக ஏற்றிய கோப்பின் அளவு போன்றவற்றை யு-பூட் தானே மாறிகளில் வைத்துக்கொள்கிறது. அன்று தற்காலிகமாகக் கிடைத்த முகவரி இப்படித்தான் நிரந்தரமாகிப்போகிறது. சேமிக்குமுன், மாறிகளைக் காட்டும் ‘பிரிண்ட்என்வி’ கொடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தானியங்கிச் சேமிப்பு வேண்டாம் என்பதற்கு இதுவே வலுவான காரணம். கோப்பை ஏற்றும்போதெல்லாம் மாறிகள் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஃபிளாஷை அழித்து எழுத வேண்டிவரும். ஃபிளாஷின் ஒரு வகையான நார் ஃபிளாஷின் ஒரு பகுதி பொதுவாக 1,00,000 முறை வரையே அழித்தெழுதத் தாங்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால், தரவு சிதையவில்லையா என்று சரிபார்க்கும் எண்ணான சிஆர்சி பொருந்தாது. யு-பூட் இயல்புநிலை அமைப்புக்குப் போய்விடும். சேமித்த மாறிகளுக்கு இரண்டு பிரதிகள் வைக்கும் வசதியை இயக்காமல் விடுவதும் தவறுதான்.

யு-பூட்டைப் புதுப்பித்த பிறகும் பழைய துவக்கக் கட்டளையே ஓடுகிறதா? சேமித்துவைத்த பழைய மாறிகள் புதிய இயல்புநிலையை மறைக்கின்றன, வேறொன்றுமில்லை.

லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள பூட்லோடரான கிரப்பில் கதை சற்று வேறு. மெனுவில் ‘இ’ விசையை அழுத்திச் செய்யும் திருத்தம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே. கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வைக்கும் வசதி உண்டு; ஆனால் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கணினியில் அதை இயக்காதீர்கள். யாரோ ஒருமுறை வேறு இயங்குதளத்தைத் தேர்ந்தால், அடுத்த ரீபூட்டும் அங்கேதான் போய் நிற்கும். ஒருமுறை வேறு இயங்குதளத்துக்குப் போக ‘கிரப்-ரீபூட்’ கட்டளை இருக்கிறது: அடுத்த ஒரு துவக்கத்துக்கு மட்டும். ஆனால் பூட் பகுதி எல்விஎம், ரெய்டு போன்ற, வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அமைப்புகளில் இருந்தால் கிரப்பால் அதில் எழுத முடியாது. ‘ஒருமுறை மட்டும்’ என்ற குறிப்பை அழிக்க வழியின்றி, ஒவ்வொரு முறையும் அதே தேர்வுக்கே போகும்.

பூட்லோடர் தானாக எழுதுவதை ஓரிடத்தில் நான் ஏற்பேன்: துவக்க முயற்சிகளை எண்ணும் கணக்கி. வரம்பு தாண்டினால் மாற்றுக் கட்டளைக்குப் போக, அந்த எண் ரீசெட்டைத் தாண்டியும் நிலைத்தாக வேண்டும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கர்னல் நல்லபடியாக எழுந்ததும் அதைப் பூஜ்யமாக்க மறந்தால், நன்றாக இயங்கும் கருவியும் சில ரீபூட்டுகளில் மாற்றுக் கட்டளைக்குத் தாவிவிடும்.